லண்டன் செய்திக்குச் சயிக்கிள் சுற்றிய காலம்

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போயிற்று. இன்று வரும், நாளை வரும் என்று கொஞ்சக் காலம் சுவிச்சைத் தட்டிப் பார்த்தோம். பிறகு சுவரில் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. போதாக்குறைக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் யானை விலை. பொழுதுபட்டால் ஒவ்வொரு வீடும் ஒரு ஜாம் போத்தலைச் சுற்றிக் கூடிவிடும்.

அந்த விளக்கைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய். கம்பியில் சுற்றி நிறுத்திய ஒரு நூல்திரி. போத்தலே சிமிலி. சுடர் சின்னிவிரல் நகமளவுதான். படிக்கிற பிள்ளைகளுக்கே அதில் முதல் உரிமை. படிப்பு முடிந்ததும் அம்மா அதை ஊதி அணைத்துவிடுவா. அதற்குப் பிறகு மிஞ்சுகிற இருட்டு முழுக்க எங்களுடையது.

ஒன்பது மணியாகும்போது ஒழுங்கையில் படலைகள் திறபடும் சத்தம் கேட்கும். எல்லாரும் பெரியப்பா வீட்டு முற்றத்துக்கு வருவார்கள். 9.15க்குப் பிபிசி தமிழோசை. எங்கள் ஊரில் அதை யாரும் பிபிசி என்று சொன்னதில்லை, லண்டன் செய்திதான். 1941இல் தொடங்கிய அந்தச் சேவை, எங்கள் பக்கத்து ஊரில் என்ன நடந்தது என்பதை லண்டன் வழியாக எங்களுக்குச் சொல்லும் நிலைமை அன்று இருந்தது.

பற்றரி இல்லாமல் றேடியோ எப்படிப் பாடும்? அதற்குத்தான் சயிக்கிள். தலைகீழாகக் கவிழ்த்து, சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில் ஊன்ற நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றுவோம். சில்லில் உரசும் டைனமோ தருவது 6 வோல்ட். றேடியோ கேட்பது ஒன்றரை வோல்ட் பற்றரி நாலு, அதாவது அதே 6 வோல்ட். பத்துப் பொருத்தமும் அமைந்த சம்பந்தம்! ஆனால் டைனமோவில் வருவது ஆடலோட்டம். அப்படியே கொடுத்தால் றேடியோ இரையும். றேடியோ திருத்துகிற அண்ணை ஒருவர் நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் ஈயம் ஊற்றி ஒட்டித் தந்தார். உயர்தர வகுப்பில் கரும்பலகையில் கீறிக் காட்டிய படத்தை நாங்கள் முற்றத்து மண்ணில், எண்ணெய்க் கையோடு படித்தோம்.

சுற்றுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. கை தளர்ந்தால் தமிழோசை ஆனந்தி அக்காவின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். "டேய், தொய்யுது, சுத்து!" என்று நாலு பக்கமிருந்தும் அதட்டல் வரும். வேகம் கூடினால் றேடியோ எரிந்துவிடும் என்று பெரியப்பா கத்துவார். ஒருவனுக்குக் கை உளைந்தால் அடுத்தவன், ஓட்டம் அறாமல், ஓடுகிற பெடலிலேயே கையை வைத்து வாங்கவேண்டும்.

சுற்றுகிறவனுக்குத்தான் பாவம். சங்கிலிச் சத்தமும் டைனமோ உரசுகிற சத்தமும் காதுக்குப் பக்கத்திலேயே. அவனுக்குப் பாதிச் செய்தி விழாது. எல்லாம் முடிந்து சில்லு நின்றதும் அவனுடைய முதல் கேள்வி, "அக்கா கடைசியா என்னவாம் சொன்னவ?" அவனுக்குச் சொல்லியாகவேண்டும். அவன் சுற்றியதால்தானே மற்றவர்கள் கேட்டார்கள். குசினிக்குள் சட்டிபானை கழுவிக்கொண்டிருந்த பெரியம்மாவுக்கும் சொல்லவேண்டும். சொல்லத் தொடங்கினால் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுப்பார். "அப்பிடியெண்டு அவ சொல்லேல்லை, சொன்னதாகத் தெரிவிக்கப்படுகிறது எண்டுதான் சொன்னவ" என்று பெரியப்பா திருத்துவார். அரை மணி நேரச் செய்திக்கு ஒரு மணி நேரப் பேச்சு.

அது அங்கேயே முடியாது. விடிந்ததும் சங்கக்கடை வரிசையில் தொடரும். வாசிகசாலைக்கு 'உதயன்' வரும். பத்திரிகைத் தாள் இல்லாமல் கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சடித்துவந்த காலம் அது. செய்தி ஒரு பக்கம், அதன் ஊடாக ஓடும் நீலக் கோடு ஒரு பக்கம். ஒருவர் உரக்க வாசிப்பார். இரவு கேட்டதையும் காலையில் வாசித்ததையும் வைத்து வாங்கில் இருப்பவர்கள் கணக்குப் பார்ப்பார்கள்.

கதைப் புத்தகங்களுக்கும் அதே விதிதான். எங்கள் ஒழுங்கையில் 'பொன்னியின் செல்வன்' ஒன்றே ஒன்று இருந்தது. ஐந்து பாகமும் ஐந்து வீட்டில் இருக்கும். மூன்றாம் பாகத்தில் நிற்பவருக்கு நான்காம் பாகம் கிடைக்க வாரக்கணக்காகும். பொறுக்கமாட்டாதவர்கள் முன்னே போனவரைப் பிடித்துக் கதை கேட்பார்கள். அடுத்த வீட்டு அக்கா ஒருவர் வேலிக்கு அங்காலே நின்றபடி நந்தினியைப் பற்றிச் சொல்லுவா. பிறகு நான் வாசித்தபோது, புத்தகத்து நந்தினி அவ சொன்ன அளவுக்கு எடுபடவில்லை.

பகலில் மாமரத்தின் கீழ் முந்நூற்று நாலு. 32 காட்ஸ், நாலு பேர், எதிரெதிரே இருப்பவர் சோடி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11 என்று எண்ணி, நாலு சாதியும் சேர்ந்தால் 304. ஆட்டம் ஐந்து நிமிடம். "அந்த ஒன்பதை ஏன் அப்ப இறக்கினனீ?" என்ற விசாரணை அடுத்த ஆட்டம் முடிந்தும் ஓயாது. அந்த வட்டத்தில் பெண்பிள்ளைகள் இருந்ததில்லை. அவர்களுக்குத் தண்ணீர் அள்ளவும் விறகு கொத்தவுமே பகல் சரியாகிவிடும்.

அந்தக் காலம் திரும்பவேண்டும் என்று எங்களில் எவரும் நேர்த்தி வைக்கமாட்டோம். காட்ஸை வீசிவிட்டுப் பங்கருக்குள் பாய்ந்த நாட்களும் உண்டு. லண்டன் செய்தியில் தெரிந்தவர் ஊர்ப்பெயர் வந்ததும், சுற்றிய கை தானாக நின்றதும் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அந்தச் சயிக்கிளின் கரியரில் அம்மம்மா இருந்தா. றேடியோவை யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றுவிட்டது.

இப்போது போனில் எல்லாம் இருக்கிறது. காதுக்குள் செருகிக்கொண்டு நடுச்சாமம் வரை பார்க்கலாம். விடிந்தால் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அன்றைய அரை மணி நேரம் இன்னும் வரி வரியாக நினைவில் நிற்கக் காரணம், சுற்றியவனுக்கு அதைத் திருப்பிச் சொல்லும் கடன் எங்களுக்கு இருந்ததுதான். சொல்லவேண்டியவன் கவனமாகக் கேட்பான். சொல்லும்போது இன்னொருமுறை கேட்பான். மறுத்துப் பேசினால் மூன்றாம் முறையும்.

கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் மகனோடு இப்போது ஒரு உடன்படிக்கை வைத்திருக்கிறேன். ஞாயிறு தோறும் போனில் பேசும்போது, அந்தக் கிழமை பார்த்த படமோ வாசித்த கதையோ ஒன்றை மற்றவருக்கு முழுதாகச் சொல்லவேண்டும். இதனால் நான் பார்ப்பது பாதியாகக் குறைந்துவிட்டது. சொல்லத் தேறாது என்று தெரிந்ததும் நிறுத்திவிடுகிறேன். தேறுவதை ஊன்றிப் பார்க்கிறேன். போன கிழமை நான் சொல்லிக்கொண்டு போகையில் அவன் மறித்து, "பொறு பொறு, உந்தத் தகப்பன் கடைசியில ஏன் திரும்பி வந்தவர்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. படத்தை முதலில் இருந்து மறுபடி போடவேண்டியதாயிற்று.