மூன்று டிகிரி

ஜூன் 2
மூட்டு மாற்று அறுவையில் கம்ப்யூட்டர் வழிகாட்டி எலும்பை வெட்டுவதில்லை. எந்தக் கோணத்தில் வெட்டலாம் என்று அளந்து காட்டுகிறது, அவ்வளவுதான். வெட்டுவது மருத்துவரின் கை. இதைக் கேட்டதும் பெரியம்மாவுக்குப் பாதி பயம் போனது. மீதி, பில்லைப் பற்றியது.

ஜூன் 3
இம்முறையில் முதல் முழங்கால் மாற்று 1997 ஜனவரியில் பிரான்சின் கிரனோபிள் நகரில் நடந்தது. செய்தது தொமினிக் சரகாலியா குழு. வழக்கமான முறையில் தொடை எலும்பின் உள்ளே கம்பி செருகி, அதை வைத்துக் கோணம் கணிப்பார்கள். எலும்பின் போக்குக்கும், இடுப்பு மையத்திலிருந்து முழங்காலுக்கு இறங்கும் பாரக்கோட்டுக்கும் இடையே சுமார் 5 முதல் 7 டிகிரி வித்தியாசம். எலும்பு வளைந்திருந்தால் கம்பி ஏமாற்றிவிடும். இடுப்பு மையமோ சதைக்குள் புதைந்தது. தொட்டு அறிய முடியாது.

கருவி அதைப் பிடிக்கும் விதம் அழகானது. தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் திருகாணி பொருத்தி, அவற்றின் மேல் ஒளியைத் திருப்பும் சிறு உருண்டைகளை மாட்டுகிறார்கள். மருத்துவர் தொடையை வட்டமாகச் சுழற்ற, அகச்சிவப்புக் கேமரா உருண்டைகளைப் பின்தொடர்கிறது. அவை போன தடம் ஒரு கோளத்தின் மேல் விழும்; கோளத்தின் நடுப்புள்ளிதான் இடுப்பு மையம். கணுக்காலின் இரு புடைப்புகளையும் முனைக்கோலால் தொட்டால் கீழ் மையமும் கிடைத்துவிடும்.

ஜூன் 4
அறுவை. சொன்ன நேரத்தைவிடத் தாமதம்.

ஜூன் 5
தாமதத்துக்குக் காரணங்கள் உண்டு. உருண்டையில் ரத்தம் தெறித்தால் கேமராவுக்குக் கண் மறைந்துவிடும். உதவியாளரின் தோள் குறுக்கே வந்தாலும் அப்படியே. துடைத்து, விலகி நின்று, மறுபடி பார்க்க வேண்டும். திருகாணி தளர்ந்தால் இன்னும் மோசம்: திரையில் எண் வரும், தப்பாக வரும். திருகிய துளையில் எலும்பு முறிவதும் உண்டு, அரிதாக. மூட்டைவிடத் திருகிய இடம்தான் வலிக்கிறது என்கிறார் பெரியம்மா.

ஜூன் 9
திரையில் பிசகு 1 டிகிரிதானாம். முழங்கால் 90 வரை மடங்க மறுக்கிறது. பிசியோதெரபிஸ்ட் வந்தாலே பெரியம்மா தூங்குவதுபோல் படுத்துக்கொள்கிறார்.

ஜூன் 17
பாரக்கோட்டிலிருந்து 3 டிகிரிக்குள் நிற்பதே நெடுங்கால இலக்கு. அதைத் தாண்டும் மூட்டுகளைக் கருவி குறைக்கிறது. இதில் பெரிய சர்ச்சை இல்லை. அதனால் மூட்டின் ஆயுள் கூடுமா என்பதில்தான் இழுபறி. 2010இல் வந்த மேயோ கிளினிக் ஆய்வில், வரம்புக்குள் நின்ற மூட்டுகள் 15 ஆண்டு முடிவில் கூடுதலாக உழைத்ததாகத் தெரியவில்லை. ஆஸ்திரேலிய மூட்டு மாற்றுப் பதிவேட்டிலோ, 65 வயதுக்குக் குறைந்தவர்களிடம் வழிகாட்டியோடு வைத்த மூட்டுகளுக்கு மறு அறுவை குறைவு. பெரியம்மாவுக்கு 68.

பலருக்குக் கால் இயல்பிலேயே சற்று வளைவு. எல்லோரையும் நூல்பிடித்து நிமிர்த்த வேண்டுமா என்று இப்போது மருத்துவர்களே கேட்கிறார்கள்.

ஜூன் 26
படி ஏறுகிறார். இறங்கத்தான் ஆள் வேண்டும்.

ஜூலை 1
இடது காலுக்கும் தேதி குறிக்கச் சொல்கிறார்கள். வழிகாட்டியோடா, இல்லாமலா என்று கேட்கிறார்கள். வீட்டில் இன்னும் பேசி முடியவில்லை.