சிரித்துப் பேசும் போக்கிரி

உலகத்திலே போக்கிரிகள் இரண்டு விதம். ஒருவன் கத்தியைக் காட்டி மடியிலுள்ள காசைப் பறிக்கிறான். மற்றவனோ நாற்காலி போட்டு உட்காரவைத்து, நம்முடைய பெருமையை நமக்கே விலைக்கு விற்கிறான். முதல்வனைக் கண்டால் கூச்சல் போடுகிறோம். இரண்டாமவனுக்குக் காப்பி கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்புகிறோம்!

ஸ்காட்லாந்து தேசத்தில் இக்கலையில் கைதேர்ந்த சகோதரர் இருவர் இருந்தனர். பிறந்த குடும்பத்தின் பெயர் ஆலன். ஆனால் அரசுரிமை இழந்த ஸ்டூவர்ட் இளவரசரின் பேரர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். மலைநாட்டாரின் உடைக்கு 1746-ல் சர்க்கார் விதித்த தடை 1782-ல் நீங்கியிருந்தது. 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னரே அந்த உடை தரித்து எடின்பரோ நகரில் காட்சியளித்தார். பிறகு கேட்பானேன்? ஒவ்வொரு குலத்தாரும் தத்தம் குலத்துக்குரிய கட்டம் எது என்று தேடலானார்கள். சகோதரர்கள் 1842-ல், பழைய ஏட்டிலிருந்து எடுத்ததாகச் சொல்லி, குலவாரியான கட்டங்களைப் புத்தகமாக வெளியிட்டார்கள். ஏடு போலி என்பது அறிஞர் முடிவு. எனினும் அக்கட்டங்களில் பல இன்றும் நெய்யப்படுகின்றன. மலைநாட்டுப் பிரபுக்களின் டம்பத்தை 1941-ல் நாவலாக எழுதி நையாண்டி செய்தவர், ஸ்காட்லாந்தின் தேசியவாதியான காம்ப்டன் மெக்கென்ஸி. அவர் பிறந்ததோ இங்கிலாந்தில்!

அத்தனை தூரம் போவானேன்? நம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் வெளியிட்ட 'மந்திரி குமாரி' படத்துப் பார்த்திபன் எந்த விதத்தில் குறைந்தவன்? ராஜகுருவின் மகன், பகலில் பெரிய மனிதன், இரவில் கொள்ளைக்காரன். இனிக்க இனிக்கப் பாடி மனைவியை மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான், கீழே தள்ளுவதற்கு! குண்டலகேசியின் கதையைத் தழுவியது அது. அந்தப் பாட்டில் மயங்காத தமிழர் உண்டா?

சேலம் ஜில்லா ஜலகண்டாபுரம் நெசவுக்குப் பெயர்போன ஊர். அந்தப் பக்கத்துச் சேலை என்று சொல்லி, வேறோர் ஊர்க் கடையில் நமக்கு ஒன்றை விரித்துக் காட்டினார்கள். "அசல் கைத்தறிங்க! எங்க தாத்தா காலத்துத் தறியில நெய்தது" என்றார் கடைக்காரர். எத்தனை இனிமையான பேச்சு! கைத்தறி முத்திரை எங்கே என்று வினவினோம். அடுத்த கணமே குசலப் பிரச்னம் தொடங்கிவிட்டது. குழந்தைகள் சௌக்கியமா, வெயில் அதிகமா என்றெல்லாம் விசாரித்தார். முத்திரை மட்டும் கடைசிவரை வரவில்லை.

இதில் சிரிப்புக்கு அப்பால் ஒரு சங்கடம் இருக்கிறது. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985-ல் சட்டம் செய்தார்கள். விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று விற்கும்போது, வாங்குபவருக்குப் பணம் நஷ்டம். ஆனால் குழித்தறியில் கால் மிதித்து, நாள் கணக்காக நாடா ஓட்டியவனுக்கோ சோறே நஷ்டம். விசைத்தறிக்காரரும் உழைப்பாளிதான், அவருடைய துணியை அதன் சொந்தப் பெயரில் விற்றால் யாருக்கும் குறைவில்லை. பெயரைத் திருடுவதுதான் போக்கிரித்தனம்.

நம் கைத்தறி, நம் ஊர் என்ற அபிமானத்தை நாம் விடவேண்டியதில்லை. அந்த அபிமானம் இருப்பதனால்தான் போலிக்கும் கிராக்கி! ஆனால் மந்திரி குமாரியின் யுக்தியை மட்டும் மறக்க வேண்டாம். சாவதற்கு முன் கணவனை மும்முறை வலம்வர அனுமதி கேட்டாள் அவள். மூன்றாம் சுற்றில் பின்னாலிருந்து தள்ளியதில் உருண்டவன் அவனே.

தள்ளுவது நமக்கு வேண்டாம். சுற்றி வந்து பின்பக்கமும் பார்த்துவிட்டால் போதும்.