பசார் செனியில் மூன்று பரிசுகள்

கடந்த டிசம்பரில் கோலாலம்பூர் பசார் செனிக்குள் நுழைந்தபோது, என் சட்டைப் பையில் மூன்று பெயர்கள் எழுதிய துண்டுக் காகிதம் இருந்தது. லோரி உதிரிப் பாகங்கள் விற்கும் எங்கள் கடையின் வாடிக்கையாளர்களுக்கு ஆண்டு இறுதி அன்பளிப்பு வாங்க வேண்டும். முதல் இருவர் மாதந்தோறும் வாங்குபவர்கள். மூன்றாமவர் ஆறு ஆண்டுகளாக ஒரு போல்ட்கூட வாங்காதவர்.

அதற்குக் காரணம் நான்தான். அந்த ஆண்டு, கடையின் பெயரைப் பெரிதாக அச்சடித்த ஐம்பது சுவர்க் கடிகாரங்களை எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுத்தேன். கிள்ளானில் அந்தச் சீனத் தவுக்கே பெட்டியைப் பிரித்ததும் முகம் மாறினார். பத்து சென் காசு ஒன்றை எடுத்து நீட்டினார். “காசு எதற்கு அங்கிள், இது இனாம்தான்” என்று பெருமையாக மறுத்துவிட்டேன்.

பிறகுதான் அவருடைய கணக்கர் விளக்கினார். சீன மொழியில் ‘கடிகாரம் கொடுப்பது’ என்று சொன்னால், சாகப் போகிறவரை வழியனுப்புவது போல ஒலிக்குமாம். ஒரு காசு கொடுத்துவிட்டால் அது விலைக்கு வாங்கிய பொருளாகிவிடும், தோஷம் இல்லை. அந்த வழியையும் நான் அடைத்துவிட்டேன். அப்போது அவருடைய தாயார் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தாராம்.

இந்த முறை ஆளுக்கேற்ற பொருள் தேடிப் பசார் செனிக்கே வந்தேன். 1888-இல் மீனும் காய்கறியும் விற்கும் சந்தையாகத் தொடங்கிய இடம் இது. இப்போதுள்ள கட்டடம் 1937-ஐச் சேர்ந்தது. எண்பதுகளில் இடிபடாமல் தப்பி, கைவினைப் பொருள்களின் சந்தையானது. மலாய், சீன, இந்தியப் பொருள்கள் ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன.

முதல் பெயர், ஒரு தனியார் நிறுவனத்தில் கொள்முதலைக் கவனிக்கும் மலாய் அம்மையார். அவர்கள் நிறுவனத்தில் பரிசு வாங்க அனுமதி உண்டா என்று முன்பே விசாரித்துக்கொண்டேன். அரசு அலுவலகமாக இருந்தால் வாழ்த்து அட்டையோடு நிறுத்தியிருப்பேன். அவருக்குப் பாத்தேக் சால்வை ஒன்று எடுத்தேன். துணியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகிட்டுச் சாயமேற்றிய பாத்தேக்கில் பின்பக்கமும் வண்ணம் தெளிவாக இருக்கும். இயந்திரத்தில் அச்சடித்தது வெளுத்துத் தெரியும்.

அடுத்தவர் சைவ உணவுக்காரரான தமிழர். கடைக்காரர் தோலுறை போட்ட டைரியைக் காட்டினார். மாட்டுத்தோல் என்றதும் வைத்துவிட்டு, பித்தளைக் காமாட்சி விளக்கு ஒன்றை வாங்கினேன்.

கடைசியாகத் தவுக்கே. கத்தி, கத்தரிக்கோல், குடை எதுவும் கூடாது. நான்கு என்ற எண்ணிக்கையும் ஆகாது என்று இப்போது எனக்குத் தெரியும். அவர் நாள் முழுவதும் தேநீர் குடிப்பவர். தேயிலை வைக்கும் பியூட்டர் டப்பாக்கள் இரண்டு வாங்கினேன். பியூட்டரில் பெரும்பகுதி ஈயம், அதாவது வெள்ளீயம். 1857-இல் அந்த ஈயத்தைத் தேடித்தான் சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறி வந்தார்கள். கோலாலம்பூர் உருவானதே அப்படித்தான். சிவப்புத் தாளில் சுற்றித் தரச் சொன்னேன்.

மூடியில் கடைப் பெயரைப் பொறிக்கவா என்று விற்பனையாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். உள்ளே வைத்த அட்டையில் பெயர் இருந்தால் போதும்.

மறுநாள் கிள்ளானுக்குப் போனேன். தவுக்கே தாளைப் பிரித்து, டப்பாவைத் திறந்து மூடிப் பார்த்தார். “இதற்குக் காசு வேண்டாம்தானே?” என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். பிறகு இரண்டு கிண்ணங்களில் தேநீர் ஊற்றினார். அவருடைய தாயாரைப் பற்றிக் கேட்டேன். அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றனவாம். ஆர்டர் பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை.