அக்கரை தெரியாத கடல்

செனாயில் குடியிருக்கும் ஒருவரிடம், "இங்கிருந்து கடல் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஜொகூர் பாருவிலேயே இருக்கிறதே!" என்பார். அவர் சொல்வது நீரிணையை. கரையில் நின்றால் எதிரே சிங்கப்பூர் தெரியும். அக்கரை தெரியாத கடல் வேறு. அதைப் பார்க்க நாம் கிழக்கே போகவேண்டும்.

என் தாயார் எண்பது வயதைக் கடந்தவர். 1951-ஆம் ஆண்டில், ஏழு வயதுச் சிறுமியாக நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கியவர். 1973 வரை ஓடிய 'ராஜூலா' கப்பலைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்தது அவர் குடும்பம். "நாலு பக்கமும் தண்ணி, கரைங்கிறதே கிடையாது" என்று அந்தப் பயணத்தை எங்களுக்குக் கதையாகச் சொல்லுவார். இறங்கியபின் அவர் கண்டதெல்லாம் பால்மரக் காடும், பிறகு செம்பனையும்தான். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கரையில்லாக் கடலை அவர் மறுபடி பார்க்கவில்லை.

"வர்ற தீபாவளிக்குக் கடலுக்குப் போகலாம்" என்று அப்பா ஆண்டுதோறும் சொல்லுவார். தீபாவளிகள் வந்தன. அப்பா போய்விட்டார். கடலுக்கு மட்டும் யாரும் போகவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் உண்டு, கார் கிடையாது. 1974-இல் திறக்கப்பட்ட செனாய் விமான நிலையம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்திறங்கி, வாடகைக் காரை எடுத்துக்கொண்டு உல்லாசமாகப் புறப்படுவதை எத்தனையோ முறை வேடிக்கை பார்த்திருக்கிறோம். அந்தக் கார் நமக்கும் கிடைக்கும் என்பது ஏனோ நமக்குத் தோன்றுவதே இல்லை! சென்ற பள்ளி விடுமுறையில் நானும் என் தம்பியும் தங்கையும் செலவை மூன்று பங்காகப் போட்டு, ஏழு பேர் அமரும் கார் ஒன்றை மூன்று நாளுக்கு எடுத்தோம்.

வண்டி எடுக்குமுன்

வாசகர்களே, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணத்திற்காக வேறோர் இடத்தில் கார் எடுத்தேன். திருப்பிக் கொடுத்தபோது, பழைய கீறல் ஒன்றைக் காட்டி முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். என்னிடம் சாட்சி இல்லை. இந்த முறை சாவியை வாங்குமுன் காரைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கீறலையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

ஒப்பந்தத் தாளை முழுவதும் படியுங்கள். முன்பணம் எவ்வளவு, அது எப்போது திரும்பும்? விபத்து நேர்ந்தால் காப்புறுதி எவ்வளவு தாங்கும், நம் கையிலிருந்து எவ்வளவு போகும்? எண்ணெய் எந்த அளவில் இருக்கிறது? இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுவதானால் இருவர் பெயரும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைகொடுக்காமல் போகலாம். மாற்றுச் சக்கரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். காசு நம்முடையது.

பருவம் மிக முக்கியம். நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையில் மழையும் பேரலையும். சாலையில் வெள்ளம் ஏறுவதும் உண்டு. ஏப்ரலுக்குமேல் புறப்படுவது நல்லது.

மெர்சிங் வரை

புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினோம். கூலாய் வழியாகக் கோத்தா திங்கி. அங்கேதான் 1699-இல் ஜொகூர் சுல்தான் மாமூட் பல்லக்கில் போகும்போது கொல்லப்பட்டார். அவருடைய கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது. கோத்தா திங்கியிலிருந்து வடக்கே போகும் மூன்றாம் எண் சாலைதான் நம்முடைய வழி. ஜொகூர் பாருவில் தொடங்கிக் கிழக்குக் கரையோரமாகத் தாய்லாந்து எல்லைவரை போகும் நெடுஞ்சாலை அது.

கரையோரச் சாலை என்றதும் வழியெல்லாம் கடல் தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். மெர்சிங்வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டருக்குச் செம்பனையும் காடும்தான். "இதைப் பார்க்கவா காசு கொடுத்துக் கார் எடுத்தோம்?" என்று தம்பி கேலி செய்தான். யானைப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகைகள் ஆங்காங்கே நிற்கின்றன. அவை அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. காட்டு யானைகள் உண்மையாகவே அந்தச் சாலையைக் கடக்கின்றன. இருட்டியபின் அந்த வழியே ஓட்டாதீர்கள்.

மெர்சிங்குக்குச் சற்று முன்னே ஜெமாலுவாங் என்னும் சிற்றூர் வருகிறது. 1942 ஜனவரிக் கடைசியில், அதன் அருகேயுள்ள நித்ஸ்டேல் ரப்பர் தோட்டத்தில் ஆஸ்திரேலியப் படையினர் இரவில் ஜப்பானியர்களை மறித்துப் போரிட்டார்கள். தோட்டமென்றால் அங்கே லயங்களும் இருந்திருக்குமே, அன்றிரவு பிள்ளைகுட்டிகளோடு எங்கே ஓடியிருப்பார்கள் என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மெர்சிங் மீனவர் ஊர். தியோமான் தீவுக்குப் படகு ஏறும் துறையும் அதுதான். ஊருக்கு வடக்கே ஆயர் பாப்பான் கடற்கரையில் பாய் விரித்தோம். பிள்ளைகள் தண்ணீரை விட்டு வர மறுத்தார்கள். அம்மா நெற்றியில் கை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"அங்க மலை தெரியுதே, அதுதான் அக்கரையா?" என்றார்.

"அதெல்லாம் தீவும்மா."

"அப்படியா?" என்று சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்துகொண்டார். அவர் தேடி வந்தது அதுவல்ல என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

நிறுத்தச் சொன்ன இடம்

இரவு மெர்சிங்கில் தங்கி, மறுநாள் புறப்பட்டோம். எண்டாவ் ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் ஜொகூர் முடிந்து பகாங் மாநிலம் தொடங்குகிறது. கோலா ரொம்பினில் ஆற்றுப் பெரிய இறால் பேர்போனது. விலையைக் கேட்டுவிட்டு ஏழு பேருக்கு ஒரே தட்டு வாங்கிப் பகிர்ந்து கொண்டோம். ருசிக்குக் குறைவில்லை!

ரொம்பினுக்குமேல் சாலை கடலை நெருங்குகிறது. மலாய்க் கம்பத்து வீடுகள், தென்னை, சவுக்கு மரங்கள், இடையிடையே பளிச்சென்று நீலம். நெனாசியைத் தாண்டியிருப்போம். முன்னிருக்கையில் இருந்த அம்மா சட்டென்று, "நிறுத்துய்யா" என்றார்.

அங்கே கடையும் இல்லை, பலகையும் இல்லை. சவுக்கு மரங்களுக்கிடையே ஒரு மணல் பாதை மட்டும் இருந்தது. காரை ஓரங்கட்டினேன். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா மெல்ல நடந்தார். எதிரே தீவு இல்லை; மலை இல்லை. வானம் இறங்கும் இடம்வரை தண்ணீர்தான்.

அம்மா அலையில் கால் நனையும் தூரத்தில் நின்றார். பிறகு, நாங்கள் யாரும் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார். கப்பலில் அவரோடு ஒரு தம்பியும் வந்தானாம். கைக்குழந்தை. கரை தெரிவதற்கு முன்பே காய்ச்சல் கண்டு இறந்துவிட்டான். துணியில் சுற்றிக் கடலில் விட்டார்கள். "எங்க அம்மா அதுக்கப்புறம் அவன் பேரைச் சொல்லவே இல்லை. நானும் சொல்லலை" என்றார்.

எங்களுக்கு அப்படியொரு தாய்மாமன் இருந்தார் என்பதே அன்றுதான் தெரியும்.

தங்கை மகள் பள்ளியில் படித்ததை வைத்து, "பாட்டி, நீங்க வந்தது அந்தப் பக்கத்துக் கடல். இது தென் சீனக் கடல்" என்றாள்.

"தண்ணிக்கு என்னம்மா, வேலியா போட்டிருக்கு?" என்றார் அம்மா. காலையில் தலையில் வைத்திருந்த பூவை எடுத்து அலையில் விட்டார். அது இரண்டு முறை கரைக்கே திரும்பி வந்தது. மூன்றாம் முறை போய்விட்டது.

அன்றிரவு குவாந்தானில் தங்கினோம். மூன்றாம் நாள் முவாட்ஸாம் ஷா, சிகாமாட் வழியாக வீடு திரும்பினோம். படமும் ஒப்பந்தத் தாளும் கையில் இருந்ததால், கார்க்காரர் முன்பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தார். காரில் மணல் மட்டும் நிறைய இருந்தது.

வாசகர்களே, பஸ்ஸில் போயிருந்தாலும் குவாந்தானைப் பார்த்திருப்போம். ஆனால் அம்மா "நிறுத்துய்யா" என்றால் எந்தப் பஸ் நிற்கும்? வாடகைக் காருக்குக் கொடுத்த காசு அந்த ஒரு நிறுத்தத்திற்கே தகும் என்பேன்.

மூன்று நாள் விடுமுறைக்கு வழி இல்லாதவர்களும் மனந்தளர வேண்டாம். செனாயிலிருந்தே டெசாருவுக்கு 77 கிலோமீட்டர் விரைவுச் சாலை 2011 முதல் முழுவதுமாகத் திறந்திருக்கிறது. ஜொகூர் ஆற்றின்மேல் 1.7 கிலோமீட்டர் நீளப் பாலத்தைக் கடந்து, காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அங்கேயும் எதிரே திறந்த கடல்தான். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அப்பாவை அழைத்துப் போகாமல் விட்டோமே என்று எண்ணும்போது மனம் வலிக்கிறது.

உங்கள் வீட்டிலும் கப்பலில் வந்த பெரியவர் ஒருவர் இன்னும் இருக்கலாம். அடுத்த தீபாவளிவரை காத்திராதீர்கள். அவரை முன்னிருக்கையில் உட்கார வையுங்கள். அவர் எங்கே நிறுத்தச் சொல்கிறாரோ, அங்கே நிறுத்துங்கள்.