வாகனம் வராத பாதை

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பெண்ணுக்குச் சைக்கிள் ஒரு விளையாட்டுப் பொருள் அல்ல. 1990களில், பெற்றோல் கிடைக்காத அந்த வருடங்களில், எமது அம்மாமார் சந்தைக்கும் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சைக்கிளில்தான் போனார்கள். முன்னுக்கு ஒரு பிள்ளை, பின்னுக்கு ஒரு பிள்ளை, ஹாண்டிலில் ஒரு பை. சேலையோடு ஒரு பெண் சைக்கிள் ஓட்டிப்போவதை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேலையின் நிமித்தம் மலையகத்துக்கு வந்தபோது, இங்கே அந்தக் காட்சி மிக அரிது என்பதைக் கண்டேன். ஏற்றமும் இறக்கமுமான நிலம் ஒரு காரணம்தான். அது மட்டுமே காரணமா என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

இன்று உலகின் பல மலைநாடுகளில் ‘கிராவல் பைக்’ என்ற ஒருவகைச் சைக்கிள் பிரபலமாகியுள்ளது. தார் போடாத, சரளைக்கல் பரப்பிய பாதைகளில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது இது. ரயர் சாதாரண பந்தயச் சைக்கிளின் ரயரைவிட அகலமானது. காற்றையும் சற்றுக் குறைவாக அடிப்பார்கள். அப்போதுதான் கல்லில் துள்ளாமல் நிலத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். ஏற்றத்தில் மெதுவாக மிதித்து ஏறுவதற்கு இலகுவான கியர்கள் உண்டு. வாகன இரைச்சலும் புகையும் இல்லாத காட்டுப் பாதைகளைத் தேடிப்போவதே இதன் நோக்கம்.

அப்படியான பாதைகளுக்கு எமது நாட்டில் குறைவில்லை. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் ‘பீக்கோ ட்ரெயில்’ 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. அது நடப்பவர்களுக்காக அமைக்கப்பட்டது. அதன் சில பகுதிகளில் சைக்கிளிலும் போகிறார்கள். புதிதாக வெட்டிய பாதை அல்ல அது. பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகளை இணைத்தே உருவாக்கியிருக்கிறார்கள். கோப்பியையும் பின்னர் தேயிலையையும் மலையிலிருந்து இறக்குவதற்காக வெள்ளைக்காரத் துரைமார் போடுவித்த பாதைகள் அவை. மாட்டுக் கரத்தை செங்குத்தாக ஏறாது. ஆகவே கரத்தை றோட்டுகளை மலையைச் சுற்றிச் சுற்றி மெல்ல ஏறும்படி அமைத்தார்கள். அன்று மாட்டுக்குப் பார்த்த ஏற்றம் இன்று சைக்கிளுக்கும் பொருந்துகிறது. ஆனால் அந்தக் கல்லை உடைத்துப் பரப்பியவர்கள், மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்த எமது மக்கள். வழியில் இறந்தவர்கள் பலர். 2023இல், மலையக மக்கள் இங்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் இடம்பெற்றது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

ஒரு விடுமுறை நாளில் நானும் இரு தோழிகளும் கியர் வைத்த சைக்கிள்களை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஹந்தானையிலிருந்து கலஹா பக்கமாகப் போனோம். தேயிலை மலைகளுக்கு மேலே பைனஸ் மரங்கள், அதற்கும் மேலே காடு. மூடுபனி விலகும்போது கீழே கண்டி தெரிந்தது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறங்கித் தள்ளுவதில் வெட்கமில்லை. இறக்கத்தில்தான் கவனம் தேவை. சரளைக்கல்லில் முன் பிறேக்கைத் திடீரென இறுக்கினால் சில்லு வழுக்கிவிடும். இரண்டு பிறேக்கையும் மெல்ல மெல்லப் பிடித்தே இறங்க வேண்டும். அட்டைக்குச் சவர்க்காரம் பூசிக்கொள்வது நல்லது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒரு வாகனத்தைக்கூட நாங்கள் காணவில்லை. பயமில்லாமல், ஹோர்ன் சத்தமில்லாமல், எங்கள் பாட்டுக்கு ஓட்டினோம். பெண்களுக்கு அப்படியொரு வெளி எத்தனை தடவை கிடைக்கிறது?

பாதையோரத்தில் கொழுந்துப் பையை இறக்கிவைத்துவிட்டு வயதான ஓர் அம்மா இளைப்பாறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க பேத்தி.

“எங்க மிஸ் போறீங்க, இந்த மேட்டுல?” என்று கேட்டார்.

“சும்மாதான் அம்மா. வாகனமே இல்லாத ரோடு, ஓட்ட நல்லா இருக்கு” என்றேன்.

அவர் சிரித்தார். “உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும். எங்களுக்கு அதுதானே கஷ்டம். மருமகளுக்கு ராத்திரி வலி எடுத்தப்போ ஒரு ஆட்டோகூட மேல வரல. கம்பளியில கட்டித்தான் கீழ தூக்கிட்டுப் போனோம்.”

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். அந்தப் பேச்சைக் கேட்டபின் அந்தப் பாதையை நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். வாகனம் வராத பாதை, வந்துபோகும் எனக்கு ஓய்வு. அங்கே வாழ்பவருக்கு அது ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையிலுள்ள தூரம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்பியுலன்ஸும் பாதை சீராக இருந்தால்தான் வந்துசேரும்.

பேத்தியின் கண் முழுவதும் சைக்கிளில்தான் இருந்தது. அண்ணனிடம் ஒரு சைக்கிள் இருக்கிறதாம்; இவள் தொட்டால் ஏசுவானாம். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?” என்றார் பாட்டி. இருக்கையைப் பதித்துக் கொடுத்து, சமதரையான ஓர் இடத்தில் ஏற்றிவிட்டோம். நாங்கள் பிடித்துக்கொண்டு ஓட, அவள் மிதித்தாள். மூன்றாவது தடவை, பிடித்த கை விட்டது தெரியாமலே பத்துப் பன்னிரண்டு யார் போய்விட்டாள். “விழுந்துறாதடி!” என்று கத்திய பாட்டியின் குரலில் பயத்தோடு பெருமையும் இருந்தது. நிலம்தான் காரணமா என்ற எனது கேள்விக்குப் பாதி விடை அங்கே கிடைத்தது.

1990களின் முற்பகுதியில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது நாம் எல்லோரும் சைக்கிளைத் தேடி ஓடினோம். மலையகப் பிள்ளைகளுக்கு மட்டும் அது ஏன் எட்டாமல் இருக்க வேண்டும்? வெளிநாட்டு கிராவல் பைக் ஒன்றின் விலை கொழுந்து பறிக்கும் பெண்ணின் பல மாதச் சம்பளம். அது தேவையில்லை. கியர் உள்ள பழைய சைக்கிள் ஒன்றைத் திருத்தினாலே போதும். தோட்டத்து மகளிர் சங்கம் நான்கு சைக்கிளை வைத்திருந்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பது பிள்ளைகள் முறைவைத்துப் பழகலாம்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சைக்கிள் பஸ்ஸுக்கு ஈடாகாது. அம்பியுலன்ஸுக்கு ஒருபோதும் ஈடாகாது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் மலையகத்தில் எத்தனையோ பாதைகளையும் உயிர்களையும் கொண்டுபோயின. பாதையைத் திருத்தும்போது உல்லாசப் பயணி நடக்கும் பகுதியை மட்டும் திருத்தாமல், லயத்து வாசல் வரை திருத்தும்படி கேட்பது எமது உரிமை.

நீங்களும் போவதானால், முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். கொழுந்துப் பையோடு வருபவரைக் கண்டால் இறங்கி வழி விடுங்கள். அது அவர்களின் வேலைத்தலம். தேத்தண்ணியையும் ரொட்டியையும் தோட்டத்துக் கடையில் வாங்குங்கள். பாதையோரத்தில் ஒரு சிறுமி உங்கள் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றால், கொஞ்ச நேரம் அவளிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.