குத்தகைக்காரராய் வாழ்தல்

தியானப் பகுதி: லேவியராகமம் 25:13-28



இங்கிலாந்தின் தென் கடற்கரையோரம் நடந்தவர்கள், மணலை ஒட்டி வரிசையாய் நிற்கும் வண்ண வண்ண மரக் குடில்களைக் கண்டிருப்பீர்கள். 19-ஆம் நூற்றாண்டில், நீராட வருவோர் பிறர் கண்ணில் படாமல் உடைமாற்றுவதற்கென்று, சக்கரம் பூட்டிய மரக்கூடுகளைக் குதிரைகள் தண்ணீர்வரை இழுத்துச் சென்றன. அவ்வழக்கம் ஒழிந்தபோது சக்கரங்கள் கழன்றன. குடில்கள் கரையிலேயே நின்றுவிட்டன. போர்ன்மத் நகரசபை 1909-ஆம் ஆண்டிலேயே தன் கடற்கரையில் குடில்களைக் கட்டி வாடகைக்கு விடத் தொடங்கிற்று.

இவற்றில் பலவற்றுக்கு ஒரு விசேஷம் உண்டு. குடில் ஒருவருடையது, அது நிற்கும் மண்ணோ நகரசபையினுடையது. ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டும். உரிமக்காலம் முடிந்தால் புதுப்பிக்கப்பட வேண்டும். கிறைஸ்ட்சர்ச் அருகிலுள்ள முடிஃபோர்ட் மணல்திட்டில் ஒரே அறை கொண்ட குடில்கள் 3 லட்சம் பவுண்டுக்கும் மேலாக விலைபோயிருக்கின்றன. அவற்றுக்குத் தனிக் கழிப்பறை இல்லை. ஆண்டு முழுவதும் அங்கே இரவு தங்க இயலாது. பிறருடைய மண்ணில் நிற்கும் மரப்பலகைகளுக்கு இத்தனை விலை!

2022-ஆம் ஆண்டில், போர்ன்மத், கிறைஸ்ட்சர்ச், பூல் ஆகிய ஊர்களை நிர்வகிக்கும் உள்ளூராட்சி மன்றம் ஒரு திட்டத்தை முன்வைத்தது. தன் வசமிருந்த கடற்கரைக் குடில்களின் வருமானத்தைத் தானே அமைக்கும் ஒரு நிறுவனத்துக்கு மாற்றி, வருங்கால வாடகையை ஈடாகக் கொண்டு சுமார் 5 கோடியே 40 லட்சம் பவுண்டை உடனடியாகப் பெறுவதே அதன் நோக்கம். மத்திய அரசு விதிகளை இறுக்கியதால் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இதை வாசித்தபோது, ஒரு கிண்ணம் பயற்றங்கூழுக்காகச் சேஷ்டபுத்திர பாகத்தை விற்ற ஏசாவை நினைத்தேன். ஆயினும் மன்றத்தாரை எளிதாகக் குற்றஞ்சாட்ட என் மனம் இடந்தரவில்லை. முதியோரையும் ஊனமுற்றோரையும் ஆதரவற்ற பிள்ளைகளையும் பராமரிக்கும் கடமை இந்நாட்டு உள்ளூராட்சிகளின்மேல் சட்டப்படி சுமத்தப்பட்டிருக்கிறது. ஏசாவின் பசி மெய்யான பசியே. இன்றைய பசியைத் தீர்க்க, நாளை பிறக்கப்போகும் பிள்ளைகளின் பங்கை எடுக்கலாமா என்பதே கேள்வி.

ஒவ்வொரு கடற்கரை ஊரிலும் இக்கேள்வி எழும்போது மூன்று குரல்கள் கேட்கின்றன. “மூன்று தலைமுறையாய் எங்கள் குடும்பம் இங்கே கோடையைக் கழித்திருக்கிறது” என்பது ஒரு குரல். “எங்கள் பெயர் காத்திருப்போர் பட்டியலில் ஆண்டுக்கணக்காய்க் கிடக்கிறது, கடற்கரை எங்களுக்கும் உரியதல்லவா?” என்பது இன்னொரு குரல். “செலவுக்குப் பணம் எங்கே?” என்பது மன்றத்தின் குரல். மூன்றிலும் நியாயம் உண்டு.

லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் இக்காரியத்தை வியக்கத்தக்க விதமாய்க் கையாளுகிறது. இஸ்ரவேலர் தங்கள் நிலத்தை விற்கும்போது, யூபிலி வருஷத்துக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கின்றனவோ அத்தனைக்குத் தக்கதாகவே விலை பேச வேண்டும். ஆண்டுகள் அதிகமானால் விலை ஏறும்; குறைந்தால் விலை இறங்கும். விற்கப்பட்டது நிலமல்ல, அறுவடைகளின் எண்ணிக்கையே. இக்காலச் சொல்லில் சொன்னால் அது குத்தகை. தேசம் கர்த்தருடையது, அதில் குடியிருப்போர் அவரிடத்தில் தங்கியிருக்கும் பரதேசிகள்.

இந்தச் சட்டம் யாரைக் காத்தது என்று கவனியுங்கள். வறுமையால் விற்றவனையும், இன்னும் பிறவாத அவன் பேரப்பிள்ளையையும் காத்தது. வாங்கினவனுக்கும் அநியாயம் இல்லை. அவன் எண்ணிப் பணம் கொடுத்த அறுவடைகள் அவனுடையவை. தேவன் நில உடைமையாளராய் இருப்பதால், எந்த மனிதனும் தன் அயலானுடைய எதிர்காலத்தை முற்றிலுமாய் விழுங்க முடியாது. கடற்கரையைப் பற்றித் தீர்மானிக்கும் எந்த மன்றமும் இந்த அளவுகோலை எடுத்துப் பார்ப்பது நலம்.

பிரியமானவர்களே, இதை நான் எழுதக் காரணம் உண்டு. நாம் ஆராதிக்கும் மண்டபத்தின் ஒப்பந்தம் இவ்வாண்டோடு முடிகிறது என்பதை அறிவீர்கள். இடமின்றித் தவிக்கும் வேறொரு சபைக்கும் ஞாயிற்றுக்கிழமையில் நேரம் ஒதுக்க உடைமையாளர்கள் விரும்புகிறார்கள். நம்மில் பலர் வருந்துகிறீர்கள். பதினொரு ஆண்டுகளாக நாம் துடைத்துத் துப்புரவாக்கிய தரை, நம் காணிக்கையால் வாங்கிய ஒலிபெருக்கிகள், நம் தாய்மார் பரிமாறிய அன்பின் விருந்துகள் ஆகியவற்றை நினைத்து, “இது நம் இடம்” என்கிறீர்கள். அந்த வருத்தத்தை நான் இகழவில்லை. நம் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்ற இடமல்லவா!

ஆனாலும், அந்த மண்டபத்தில் நமக்குக் கொடுக்கப்பட்டவை அறுவடைகளே. பதினொரு அறுவடைகளைக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டோம். அவற்றை யாரும் நம்மிடமிருந்து எடுக்க முடியாது. இப்போது வாசலில் நிற்பவர்களும் நம்மைப்போலவே ஒரு காலத்தில் கதவு கதவாய்த் தட்டி அலைகிறவர்களே. நாம் அலைந்த நாட்களை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி வசனங்களை வாசியுங்கள். ரோமாபுரியில் பவுல் தங்கியிருந்தது ஒரு வாடகை வீடு. இரண்டு ஆண்டுகள் அங்கே தன்னிடத்தில் வந்த யாவரையும் ஏற்றுக்கொண்டு தேவனுடைய ராஜ்யத்தைப் பிரசங்கித்தான். அந்த வீடு எந்தத் தெருவில் இருந்தது, ஒப்பந்தம் எப்போது முடிந்தது என்று லூக்கா எழுதவில்லை. கதவு திறந்திருந்தது என்பதே அவன் எழுதிவைத்த செய்தி. சொந்தமல்லாத வீட்டிலிருந்தும் சுவிசேஷம் தடையின்றிப் புறப்பட்டது.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப்பின் நாம் கூடித் தீர்மானிப்போம். பிற்பகல் நேரத்தை அந்தச் சபைக்கு விட்டுக்கொடுத்து, முதல் வாரத்தில் நாமே அவர்களுக்கு உணவு சமைத்து வரவேற்கலாம் என்பது என் தாழ்மையான ஆலோசனை. மாறுபட்ட எண்ணமுள்ளவர்களும் தயங்காமல் பேசுங்கள், அன்போடு கேட்போம்.

ஜெபம்: பூமிக்கும் அதின் நிறைவுக்கும் உடையவராகிய ஆண்டவரே, எங்கள் கையில் இருப்பவை உம்முடையவை என்று உணரும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். கடற்கரையானாலும் ஆலயமானாலும், பகிர்ந்தளிக்கும் பொறுப்பில் இருப்போருக்கு நீதியும் இரக்கமும் அருளும். எங்கள் வாசல்களைத் திறந்தே வைக்கக் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.