காணை ரோட்டில் ஒரு லாரிக் கணக்கு

யாராவது புது பைக் வாங்கினால் நாம் கேட்கிற முதல் கேள்வி, "மைலேஜ் எவ்ளோ?" அறுபது என்றால் வயிறு எரியும். நாற்பது என்றால், "பரவால்லப்பா, வண்டி கலர் நல்லாருக்கு" என்று ஆறுதல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

லாரிக்காரரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில், "நாலு." அதுவும் லோடு ஏற்றிக்கொண்டு, மேடு இல்லாமல், காற்று எதிர்த்து அடிக்காமல் இருந்தால்!

விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் போகிற ரோட்டில் வருகிறது காணை. ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். கரும்பும் நெல்லும் விளைகிற பூமி. வெட்டு சீசனில் இந்தப் பக்கம் டூ வீலரில் போகிறவர்கள், தோகை தொங்கும் கரும்பு லோடுக்குப் பின்னால் பொறுமையைக் கற்றுக்கொள்ளலாம். கிளம்பி ஒரு மணி நேரத்தில் முன்னால் போய்விட்டால் நீங்கள் பாக்கியசாலி.

இங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சொந்தமாக ஒரு டாரஸ் வைத்திருக்கிறார். (பத்து சக்கர லாரி எந்தக் கம்பெனியாக இருந்தாலும் நம் ஊரில் 'டாரஸ்'தான். அது அசோக் லேலண்ட் வைத்த பெயர் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.) ஓனரும் அவரே, டிரைவரும் அவரே.

"எந்த நாட்டு லாரிங்க உசத்தி?" என்றேன்.

"ரிப்பேர் ஆனா எவன் கிட்டக்க இருக்கானோ, அவன் ஊர் லாரி உசத்தி" என்றார்.

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன்.

முதலில் நம் கணக்கு. விழுப்புரத்திலிருந்து சென்னை சுமார் 160 கிலோமீட்டர். லிட்டருக்கு நாலு என்றால் 40 லிட்டர். 2024 மார்ச்சில் சென்னையில் டீசல் லிட்டர் 92 ரூபாய் சொச்சம். ஆக, டீசலுக்கு மட்டும் 3,700 ரூபாய். விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று மூன்று டோல்கேட். டிரைவர் வைத்தால் படி, சம்பளம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு என்றார் பெரியவர். அப்புறம் டயர் தேய்மானம், இன்ஷூரன்ஸ், டியூ. டீசல்தான் பெரிய பூதம், மற்றதெல்லாம் குட்டிச்சாத்தான்கள்.

இதே தூரத்தை அமெரிக்காவில் ஓட்டுவோம். அங்கே லாரித் தொழிலுக்கென்று இருக்கிற ஆராய்ச்சி நிறுவனம் வருஷா வருஷம் கணக்குப் போடுகிறது. 2023ல் ஒரு மைல் ஓட்ட ஆன செலவு 2 டாலர் 27 சென்ட். 160 கிலோமீட்டருக்கு அப்போதைய மதிப்பில் நம் பணம் ஏறக்குறைய 18,700 ரூபாய்! அதில் எண்ணெய்ச் செலவு நாலரை ஆயிரம்தான். நம் பெரியவரின் டீசல் பில்லிலிருந்து அப்படி ஒன்றும் தூரமில்லை. மீதியில் பெரிய பங்கு யாருக்கு? டிரைவருக்கு. சம்பளம், சலுகை எல்லாம் சேர்த்து எட்டாயிரம் பக்கம் வருகிறது.

டீசல் இரண்டு நாட்டிலும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு எரிகிறது. மனுஷனுக்குத்தான் விலை வேறு.

இது புரிந்துவிட்டால் எந்த நாட்டில் ஏன் எந்த லாரி ஓடுகிறது என்பதும் புரிந்துவிடும். ஸ்வீடனை எடுத்துக்கொள்ளுங்கள். வால்வோவும் ஸ்கேனியாவும் பிறந்த வீடு. 2018லிருந்து சில ரோடுகளில் 74 டன் வரை இழுக்க அனுமதி. ஐரோப்பாவில் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு எடுத்தே ஆகவேண்டும். வண்டியில் இருக்கும் கருவி அதைப் பதிவு செய்துகொண்டே வரும். (நம் ஊரிலும் நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961லேயே சட்டம் வந்தது. டீக்கடை பெஞ்சைக் கேட்டால் சொல்லும்.) நிமிஷத்துக்கு நிமிஷம் சம்பளம் ஏறுகிற நாட்டில் லாரி வழியில் படுத்தால் முதலாளியும் படுத்துவிடுவார். அதனால் விலை கூடினாலும் நிற்காத வண்டியாகப் பார்த்து வாங்கி, சர்வீஸையும் மாதாமாதம் பணம் கட்டி ஒப்பந்தமாக வைத்துக்கொள்கிறார்கள்.

நம் ஊரில் லாரி நின்றால் புளியமரத்து நிழலில் ஜாக்கி வைப்பார்கள். கிளீனர் அடியில் போய்ப் படுப்பான். பட்டறையிலிருந்து ஒரு பையன் ஸ்பேனரோடு டி.வி.எஸ். ஃபிப்டியில் வந்து சேருவான். சாயந்திரம் வண்டி கிளம்பிவிடும். 1954ல் டாடா, ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு கைகோத்தது. எண்ணூரில் 1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955ல் இங்கிலாந்தின் லேலண்டோடு சேர்ந்து அசோக் லேலண்ட் ஆனது. வித்து வெளிநாட்டுடையது, ஆனால் அந்த இன்ஜின்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டவர்கள் நம் பட்டறைப் பையன்கள். பாகிஸ்தானில் பழைய இங்கிலாந்து பெட்ஃபோர்டுகள் பூவும் மயிலும் வரைந்துகொண்டு இன்னும் ஓடுகிற ரகசியமும் இதுதான்.

சிங்கப்பூரில் தலைகீழ். அங்கே லாரியை விட லாரி வைத்திருக்கிற உரிமைச் சீட்டு பயமுறுத்தும். பத்து வருஷத்துக்கான அந்தச் சீட்டு 2024ல் 60 ஆயிரம் சிங்கப்பூர் டாலருக்கு மேல் ஏலம் போனது. காகிதத்துக்கு மட்டும் நம் பணம் 35 லட்சத்தைத் தாண்டுகிறது!

"அப்ப நம்ம ஊர்தான் தேவல" என்றேன்.

பெரியவர் சிரிக்கவில்லை. "அது அந்தக் காலம் சார். இப்ப வர்ற வண்டிய நம்ம மெக்கானிக் தொட முடியாது."

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்தது. புகை குறைந்தது, நல்லதுதான். ஆனால் டீசலோடு யூரியாத் தண்ணீரும் ஊற்றவேண்டும். அது தீர்ந்தால் வண்டி இழுவையைத் தானே குறைத்துக்கொள்ளும். சென்சார் மக்கர் செய்தால் ஸ்பேனர் போதாது, லேப்டாப் வேண்டும். ஸ்வீடன் வண்டியின் சுபாவம் வந்துவிட்டது. ஸ்வீடன் வாடகைதான் வரவில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் கொட்டி, அரசூரில் சென்னை-திருச்சி சாலையே வெள்ளத்தில் அடைபட்டதே, நினைவிருக்கிறதா? லாரிகள் நின்றன. டியூ நிற்கவில்லை.

பழசையே ஓட்டலாம் என்றால் அதற்கும் முடிச்சு. 2022ல் 15 வருஷம் தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்.சி. கட்டணம் 12,500 ரூபாய் ஆனது. 2025 நவம்பரில் 20 வருஷம் தாண்டியதற்கு 25 ஆயிரம் ஆக்கினார்கள். பெரியவரின் வண்டிக்கு வயது பத்தொன்பது.

அவர் பையன் சென்னையில் ஆபீஸ் வேலை. போன மாதம் லீவில் வந்தவன் அப்பாவின் நோட்டை வாங்கிப் பார்த்திருக்கிறான். டீசல், டோல், டயர், ரிப்பேர் எல்லாம் போக மாதம் 35 ஆயிரம் நிற்கிறது என்று அப்பா பெருமையாகச் சொல்ல, பையன் சிவப்புப் பேனாவால் கீழே ஒரு வரி சேர்த்தானாம்: 'டிரைவர் சம்பளம், 30 ஆயிரம்.'

"டிரைவர் ஏதுடா? நான்தான ஓட்டறேன்?"

"அதாம்பா. லாரி சம்பாதிச்சது ஐயாயிரம். மிச்சம் நீ சம்பாதிச்சது."

புது டாரஸ் நாற்பது லட்சத்தை ஒட்டி வருகிறது. டியூ மாதம் எழுபதாயிரத்துக்கு மேல். 2025லிருந்து தயாராகிற கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்பதால் குளுகுளுவென்று ஓட்டலாம். பையன் வாங்கச் சொல்லவில்லை, விற்கவும் சொல்லவில்லை. கணக்கை மட்டும் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

"ஒரு மாசமா அந்த நோட்ட நான் தொடல சார்" என்றபடி பெரியவர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். திருக்கோவிலூரில் லோடு காத்திருந்தது.